காஸ்மோஸ் டிபியுடன் டாட்நெட் வெப் ஏபிஐ: முதல் கன்டெய்னரிலிருந்து டெப்ளாய் வரை முழுமையான வழிகாட்டி

மைக்ரோசாஃப்ட்டின் அஸூர் கிளவுடில் ஓடும் டேட்டாபேஸான காஸ்மோஸ் டிபியை வைத்து டாட்நெட்டில் ஒரு வெப் ஏபிஐ கட்டும் வேலையைப் புதியவர்களிடம் கொடுத்தால், பெரும்பாலும் முதல் காரியமாக விஷுவல் ஸ்டுடியோவைத் திறந்து ப்ராஜெக்ட்டை உருவாக்கிவிடுகிறார்கள். அடுத்தது அஸூர் போர்ட்டலில் ஓர் அக்கவுன்ட், அதற்குள் ஒரு கன்டெய்னர் (டாக்குமென்ட்களைச் சேமிக்கும் இடம்). கன்டெய்னர் திரை ‘பார்ட்டிஷன் கீ’ என்று கேட்கும்போது யோசிக்காமல் ‘ஐடி’ என்று அடித்துவிட்டு நகர்கிறார்கள். பாதிக் கோட் எழுதிய பிறகுதான் அது சரிப்படாது என்று தெரிகிறது. அதற்குள் யுஆர்எல், கிளாஸ், குவெரி எல்லாமே அந்தக் கீயை நம்பி எழுதப்பட்டிருக்கும்.

அதனால் இங்கே வரிசை வேறு: முதலில் காகிதம், பிறகு போர்ட்டல், அதன் பிறகுதான் கோட். எடுத்துக்காட்டுக்கு வாட்டர் கேன் சப்ளை செய்யும் ஒரு சிறு ஏஜென்சியை வைத்துக்கொள்வோம். யாருக்கு எத்தனை கேன் போட்டோம், எத்தனை காலி கேன் திரும்ப வந்தது, பணம் வந்ததா பாக்கியா என்பதைப் பதிவு செய்யும் ஏபிஐதான் நாம் கட்டப்போவது.

## 1. கையில் இருக்க வேண்டியவை

டாட்நெட் எஸ்டிகே 8 அல்லது அதற்குப் பிந்தையது. நீண்டகால ஆதரவு இரட்டைப்படை வெர்ஷன்களுக்குத்தான் என்பதால் 8 அல்லது 10 எடுப்பது நல்லது. அஸூர் அக்கவுன்ட் ஒன்று. எடிட்டர் உங்கள் விருப்பம். ஏபிஐயைச் சோதிக்க போஸ்ட்மேன் போல ஏதாவது ஒரு கருவி.

டெர்மினலில் கட்டளை கொடுத்து அஸூரை இயக்கும் அஸூர் சிஎல்ஐயையும் இப்போதே இன்ஸ்டால் செய்துவிடுங்கள். எல்லாவற்றையும் போர்ட்டலிலேயே முடித்துவிடலாம் என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கடைசிப் படியில் வரும் ஓர் அனுமதியைக் கொடுக்க சிஎல்ஐதான் நேர்வழி.

இணையம் இல்லாமலும் வேலை செய்ய வேண்டுமென்றால் உங்கள் கணினியிலேயே ஓடும் மாதிரி காஸ்மோஸான எமுலேட்டர் இருக்கிறது. லோக்கல்ஹோஸ்ட்டில் 8081 போர்ட்டில் ஓடும். அதன் கீ உலகம் முழுக்க எல்லோருக்கும் ஒன்றேதான், அதனால் அது ரகசியம் அல்ல. சான்றிதழ் அதுவே உருவாக்கிக்கொண்டது என்பதால், முதல் கனெக்‌ஷனில் எஸ்எஸ்எல் எரர் வந்தால் உங்கள் கோடைச் சந்தேகிக்காதீர்கள்.

## 2. கேள்விகளை எழுதுங்கள், பிறகு பார்ட்டிஷன் கீ

இந்தப் படிக்குக் கணினி தேவையில்லை. ஏபிஐ தினமும் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளை மட்டும் எழுதுங்கள். நம் ஏஜென்சிக்கு இவை:

இந்தக் கஸ்டமரின் இந்த மாதக் கணக்கு என்ன? இவரிடம் எத்தனை காலி கேன் நிற்கிறது? இந்த ஒரு ஆர்டரின் விவரம் என்ன? இன்றைக்கு இந்த ஏரியாவில் யார் யாருக்குப் போட வேண்டும்?

முதல் மூன்றும் ஒரே கஸ்டமரைச் சுற்றியே வருகின்றன. நான்காவது மட்டும் வேறு. இந்தக் கணக்குதான் கீயைத் தீர்மானிக்கிறது.

காஸ்மோஸ் டிபி ஒரே பார்ட்டிஷன் கீ மதிப்புள்ள டாக்குமென்ட்களை ஒன்றாக ஒரே இடத்தில் வைக்கிறது. ஐடியும் பார்ட்டிஷன் கீயும் சேர்த்துக் கொடுத்தால் நேராகப் போய் எடுத்துவிடும். இதற்குப் பாயின்ட் ரீட் என்று பெயர். 1 கேபி டாக்குமென்ட்டுக்கு 1 ஆர்யு (ரிக்வெஸ்ட் யூனிட், காஸ்மோஸ் செலவை அளக்கும் அலகு) செலவு. இதைவிட மலிவான வாசிப்பு காஸ்மோஸில் கிடையாது.

கீயாக ‘ஐடி’யையே வைத்தால் ஒவ்வொரு ஆர்டரும் தனித்தனி பார்ட்டிஷன். ஓர் ஆர்டரை எடுப்பது எளிது, ஆனால் ஒரு கஸ்டமரின் கணக்கைக் கேட்டால் எல்லாப் பார்ட்டிஷன்களிலும் தேட வேண்டும். ‘தேதி’யை வைத்தால் இன்றைய எழுத்து மொத்தமும் ஒரே பார்ட்டிஷனில் குவியும், மற்றவை சும்மா கிடக்கும். ‘ஏரியா’ பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கஸ்டமர் வீடு மாறினால் சிக்கல்: ஒரு டாக்குமென்ட்டின் பார்ட்டிஷன் கீ மதிப்பை மாற்ற முடியாது, அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும்.

அதனால் நமக்குக் கஸ்டமர் ஐடிதான். இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு டெலிவரியைப் பதியும்போது ஆர்டர் டாக்குமென்ட்டை எழுதவும் வேண்டும், கஸ்டமரின் காலி கேன் கணக்கைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டும், அல்லது இரண்டுமே நடக்கக் கூடாது. காஸ்மோஸில் இந்த டிரான்சாக்‌ஷன் ஒரே பார்ட்டிஷன் கீ மதிப்புக்குள் மட்டுமே கிடைக்கும். எனவே கஸ்டமர், ஆர்டர் இரண்டையும் ஒரே கன்டெய்னரில் வையுங்கள். எது எது என்று பிரித்தறிய ‘டைப்’ என்று ஒரு ஃபீல்டு போதும். எஸ்க்யூஎல் பழகியவர்களுக்கு ஒரே இடத்தில் இரண்டு வகையை வைப்பது உறுத்தும். டேபிளுக்கு ஒரு கன்டெய்னர் என்று பிரிப்பவர்கள்தான் பிறகு இந்த டிரான்சாக்‌ஷனை இழந்து தவிக்கிறார்கள்.

ஆர்டர்களைக் கஸ்டமர் டாக்குமென்ட்டுக்குள்ளேயே ஓர் அர்ரேயாக வைக்கலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். ஒரு டாக்குமென்ட்டின் உச்சவரம்பு 2 எம்பி. அதை எட்டுவதற்கு வெகு முன்பே, ஒரு கேன் கூடுதலாகப் பதிய வருடக் கணக்கு முழுவதையும் திருப்பி எழுதும் செலவு தெரிய ஆரம்பித்துவிடும். முகவரி போன்றவை உள்ளேயே இருக்கட்டும். வளர்ந்துகொண்டே போகும் பட்டியல் வெளியே போகட்டும்.

நான்காவது கேள்வியை என்ன செய்வது? அது பல பார்ட்டிஷன்களைத் தொடும் குவெரியாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டாம். பல கீ மதிப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் நிஜச் சேமிப்பு அலகான பிசிக்கல் பார்ட்டிஷன் ஒன்று 50 ஜிபி வரை, நொடிக்கு 10,000 ஆர்யு வரை தாங்கும். சின்ன ஏஜென்சியின் டேட்டா மொத்தமும் அந்த ஒன்றுக்குள்ளேயே அடங்கிவிடும். அதுவரை இந்தக் குவெரி பெரிய சுமை அல்ல.

இப்போது யுஆர்எல்லை எழுதுங்கள். ஓர் ஆர்டரை எடுக்கும் யுஆர்எல்லில் ஆர்டர் ஐடி மட்டும் இருந்தால், பாயின்ட் ரீட்டுக்குத் தேவையான கஸ்டமர் ஐடி உங்கள் கையில் இருக்காது. ஆகவே ‘கஸ்டமர்ஸ், கஸ்டமர் ஐடி, ஆர்டர்ஸ், ஆர்டர் ஐடி’ என்ற அடுக்கில் யுஆர்எல் அமைய வேண்டும். பார்ட்டிஷன் கீயை முதலில் முடிவு செய்யச் சொன்னதன் காரணம் இதுதான். அது டேட்டாபேஸுக்குள் மட்டும் அடங்கி நிற்பதில்லை, ஏபிஐயின் முகத்திலேயே தெரியும்.

## 3. போர்ட்டலில் அக்கவுன்ட்

‘அஸூர் காஸ்மோஸ் டிபி’யைத் தேர்ந்தெடுத்ததும் எந்த ஏபிஐ என்று கேட்கும். நமக்கு ‘நோஎஸ்க்யூஎல்’. மாங்கோடிபி, கசாண்ட்ரா என்று மற்றவையும் அங்கே இருக்கும். இது ஓர் அக்கவுன்ட்டுக்கு ஒரு முறை எடுக்கும் முடிவு, பிறகு மாற்ற முடியாது.

‘ஃப்ரீ டியர்’ பொத்தானை இந்தத் திரையிலேயே ஆன் செய்யுங்கள். நொடிக்கு 1000 ஆர்யு, 25 ஜிபி இலவசம். அக்கவுன்ட் உருவான பிறகு இதைச் சேர்க்க வழியில்லை. ஒரு சப்ஸ்கிரிப்ஷனுக்கு ஒன்றுதான் கிடைக்கும், பயன்படுத்தியதற்கு மட்டும் பணம் கட்டும் சர்வர்லெஸ் முறையோடு சேராது. அதனால் ‘ப்ரொவிஷன்டு த்ரூபுட்’ (நொடிக்கு இத்தனை ஆர்யு என்று முன்கூட்டியே ஒதுக்குவது) தேர்ந்தெடுங்கள்.

ரீஜன் விஷயத்தில் போர்ட்டல் தானாக நிரப்பியதை அப்படியே விடாதீர்கள். ஏபிஐ எங்கே ஓடப்போகிறதோ அதே ரீஜனில் டேட்டாபேஸும் இருக்க வேண்டும். சென்னையில் உள்ளது ‘சவுத் இந்தியா’, புனேயில் உள்ளது ‘சென்ட்ரல் இந்தியா’. இரண்டில் எதுவானாலும் சரி, ஆனால் இரண்டுக்கும் ஒன்றையே எடுங்கள். ஒன்று இங்கே, இன்னொன்று அமெரிக்காவில் என்றால் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் கடல் தாண்டிப் போய் வரும்.

நெட்வொர்க் பகுதியில் குறிப்பிட்ட ஐபிக்களை மட்டும் அனுமதித்தால், உங்கள் தற்போதைய ஐபியையும் சேர்க்க மறக்காதீர்கள். வீட்டு இணையத்தில் ஐபி அடிக்கடி மாறும். நேற்று ஓடிய கோட் இன்று காலை 403 (அனுமதி இல்லை) கொடுத்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

## 4. டேட்டாபேஸும் கன்டெய்னரும்

போர்ட்டலின் டேட்டா எக்ஸ்ப்ளோரரில் டேட்டாபேஸ் ஒன்று, அதற்குள் ஒரே ஒரு கன்டெய்னர். த்ரூபுட் ‘மேனுவல்’, அளவு 400. மேனுவலில் ஒரு கன்டெய்னருக்குக் குறைந்தபட்சமே இவ்வளவுதான்.

இங்கே கணக்கு தவறுபவர்கள் உண்டு. 400 வீதம் இரண்டு கன்டெய்னர் என்றால் 800, இலவச வரம்புக்குள். மூன்றாவதை உருவாக்கிய கணமே 1200. மேலே உள்ள 200-க்குக் கட்டணம் ஓடத் தொடங்கும், நீங்கள் ஒரு டாக்குமென்ட்கூட எழுதாவிட்டாலும். ஒதுக்கி வைத்ததற்குத்தான் பணம், பயன்படுத்தியதற்கு அல்ல. பல கன்டெய்னர் தேவைப்பட்டால் த்ரூபுட்டை டேட்டாபேஸ் அளவில் பகிர்ந்துகொள்ளும்படி அமைக்கலாம்.

பார்ட்டிஷன் கீயை முன்னால் சாய்கோடு போட்டு எழுத வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் இங்கே முக்கியம். ஜேசனில் வரப்போகும் பெயர் எப்படியோ அப்படியே, அதாவது முதலெழுத்து சிறியதாக இருக்கட்டும். ஏன் என்பது 7-ஆம் படியில் தெரியும்.

## 5. ப்ராஜெக்ட்டும் பேக்கேஜ்களும்

டெர்மினலில் டாட்நெட்டின் ‘வெப்ஏபிஐ’ டெம்ப்ளேட்டைக் கொண்டு ப்ராஜெக்ட்டை உருவாக்குங்கள். பழைய வீடியோக்களைப் பார்த்துச் செய்பவர்கள் இங்கே இரண்டு முறை விழிப்பார்கள். டாட்நெட் 8 முதல் டெம்ப்ளேட்டில் கன்ட்ரோலர் ஃபோல்டர் வராது, மினிமல் ஏபிஐதான் இயல்பு. கன்ட்ரோலர் வேண்டுமென்றால் அதற்கான ஆப்ஷனைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். டாட்நெட் 9 முதல், ஏபிஐயைப் பிரவுசரிலேயே சோதிக்க உதவும் ஸ்வாகர் பக்கமும் தானாக வராது. ஓபன்ஏபிஐ ஜேசன் மட்டும் கிடைக்கும். உங்கள் இன்ஸ்டலேஷனில் கோளாறு எதுவும் இல்லை.

டாட்நெட் பேக்கேஜ்கள் கிடைக்கும் நூகெட்டிலிருந்து ‘மைக்ரோசாஃப்ட் அஸூர் காஸ்மோஸ்’ பேக்கேஜ், அதாவது காஸ்மோஸ் எஸ்டிகே. கூடவே ‘நியூட்டன்சாஃப்ட் ஜேசன்’ பேக்கேஜையும் நேரடியாகச் சேருங்கள். நீங்கள் அதைப் பயன்படுத்தாவிட்டாலும், காஸ்மோஸ் எஸ்டிகே அதை எதிர்பார்க்கிறது. இல்லையென்றால் புதிய வெர்ஷன்களில் பில்டே நின்றுவிடும்.

## 6. கீயைக் கோடுக்குள் வைக்காதீர்கள்

போர்ட்டலில் ‘கீஸ்’ பக்கத்தில் எண்ட்பாயின்ட்டும் பிரைமரி கீயும் கிடைக்கும். அதை ஆப்செட்டிங்ஸ் ஃபைலில் ஒட்டி கிட்ஹப்பில் ஏற்றுவதுதான் எங்கும் காணும் தவறு. அந்தக் கீ கையில் இருந்தால் முழு டேட்டாவையும் அழிக்கலாம். டாட்நெட்டின் ‘யூசர் சீக்ரெட்ஸ்’ ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கு வெளியே சேமிக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

ஒரு விஷயம்: யூசர் சீக்ரெட்ஸ் ‘டெவலப்மென்ட்’ சூழலில் மட்டுமே தானாக ஏற்றப்படும். சூழலை ‘ப்ரொடக்‌ஷன்’ என்று மாற்றி ஓட்டினால் எண்ட்பாயின்ட் காலியாக வரும்.

கீ ஏற்கெனவே கிட்டில் ஏறிவிட்டதா? ஃபைலை நீக்கி மறுபடி கமிட் செய்வது போதாது, பழைய வரலாற்றில் அது இருக்கும். போர்ட்டலில் கீயை உடனே மாற்றுங்கள்.

## 7. ஒரே ஒரு காஸ்மோஸ் கிளையன்ட்

‘காஸ்மோஸ் கிளையன்ட்’ ஆப்ஜெக்ட்டை ப்ரோகிராம் ஃபைலில் சிங்கிள்டனாக, அதாவது ஆப் முழுக்க ஒன்றே ஒன்றாகப் பதியுங்கள். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டிலும் புதிதாக உருவாக்கினால், ஒவ்வொரு முறையும் அக்கவுன்ட் விவரத்தைக் கேட்டு, கனெக்‌ஷன்களைத் திறந்துகொண்டே இருக்கும். ஒருவர் சோதிக்கும்போது ‘கொஞ்சம் மெதுவாக இருக்கிறது’ என்று மட்டும் தோன்றும். கூட்டம் வந்ததும் கனெக்‌ஷன்கள் தீர்ந்துபோய் நிற்கும்.

இப்போது, புதியவர்கள் அதிக நேரம் தொலைக்கும் இடம். கிளாஸில் ‘ஐடி’ என்று பெரிய எழுத்தில் தொடங்கும் ப்ராப்பர்ட்டி இருக்கிறது, மதிப்பும் இருக்கிறது. அனுப்பினால் 400 (கோரிக்கை தவறு). ஐடி இல்லை அல்லது தவறு என்கிறது மெசேஜ். டீபக்கரில் பார்த்தால் ஐடி கண்முன்னே இருக்கிறது.

காரணம்: காஸ்மோஸுக்கு வேண்டியது முழுக்கச் சிறிய எழுத்தில் உள்ள ‘ஐடி’. பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர் அதற்கு வேறு ஏதோ ஒரு ஃபீல்டு. சரி என்று சிஸ்டம் டெக்ஸ்ட் ஜேசனின் பெயர் மாற்றும் அட்ரிப்யூட்டை மேலே போடுவார்கள். அப்போதும் 400. காஸ்மோஸ் எஸ்டிகே 3 இயல்பாக நியூட்டன்சாஃப்ட்டைத்தான் பயன்படுத்துகிறது, மற்றதன் அட்ரிப்யூட்டை அது கண்டுகொள்ளாது.

தீர்வு, கிளையன்ட்டை உருவாக்கும்போது சீரியலைசேஷன் (ஆப்ஜெக்ட்டை ஜேசனாக மாற்றுவது) ஆப்ஷனில் ‘கேமல்கேஸ்’ (முதலெழுத்து சிறியது) என்று சொல்லிவிடுவது. ஐடியும் கஸ்டமர் ஐடியும் ஒரே அடியில் சரியாகிவிடும். லிங்க் (சி ஷார்ப் கோடிலேயே எழுதும்) குவெரியில், எஸ்டிகே வெர்ஷனைப் பொறுத்து அங்கேயும் தனியாக இதைச் சொல்ல வேண்டியிருக்கலாம். பெயர் பொருந்தாவிட்டால் எரர் வராது, ஆனால் முடிவு காலியாக வரும். எரரைவிட இது மோசம்.

## 8. எண்ட்பாயின்ட்கள், ஒவ்வொன்றாக

கஸ்டமரைச் சேர்ப்பது. முதலில் இதை மட்டும் எழுதி ஓட்டிப் பாருங்கள். கஸ்டமர் டாக்குமென்ட்டில் ஐடியும் கஸ்டமர் ஐடியும் ஒரே மதிப்பு. ‘பார்ட்டிஷன் கீ பொருந்தவில்லை’ என்று 400 வந்தால், மெத்தடுக்குக் கொடுத்த கீயும் டாக்குமென்ட்டுக்குள் இருக்கும் மதிப்பும் வேறு என்று பொருள். பெரும்பாலும் 4-ஆம் படியில் எழுதிய பெயரில் எழுத்து மாறியிருக்கும்.

ஓர் ஆர்டரை எடுப்பது. ‘ரீட் ஐட்டம்’ மெத்தடுக்கு ஐடியும் பார்ட்டிஷன் கீயும் கொடுங்கள். டேட்டா எக்ஸ்ப்ளோரரில் தெரியும் டாக்குமென்ட்டுக்கு 404 வருகிறதென்றால், பார்ட்டிஷன் கீயின் இடத்தில் ஐடியையே இரண்டு முறை கொடுத்திருப்பீர்கள். எஸ்டிகே இந்த 404-ஐ எக்ஸெப்ஷனாக எறியும். அதைப் பிடித்து உங்கள் ஏபிஐயின் 404-ஆக மாற்றாவிட்டால் வெளியே 500 என்று போகும்.

டெலிவரியைப் பதிவது. ‘டிரான்சாக்‌ஷனல் பேட்ச்’ ஒன்றைத் திறந்து, அதில் ஆர்டரை உருவாக்குவதையும், கஸ்டமர் டாக்குமென்ட்டின் காலி கேன் எண்ணிக்கையை ‘பேட்ச் ஐட்டம்’ (டாக்குமென்ட்டின் ஒரு பகுதியை மட்டும் திருத்தும் மெத்தட்) மூலம் கூட்டுவதையும் சேருங்கள். இதில் ஒரு பொறி உண்டு: இந்த இரண்டும் சேர்ந்த தொகுப்பு தோற்றால் எக்ஸெப்ஷன் வராது. பதிலில் உள்ள வெற்றிக் கொடியை நீங்களேதான் பார்க்க வேண்டும். பார்க்காத கோட் எதுவும் எழுதாமலேயே 201 (உருவாக்கியாயிற்று) என்று பெருமையாகப் பதில் சொல்லும்.

ஆர்டர் ஐடியை ஏபிஐ உருவாக்குவதைவிட மொபைல் ஆப்பே ஒரு குவிட் (ஜியூஐடி, வேறெங்கும் வராத தனித்த ஐடி) உருவாக்கி அனுப்புவது மேல். கேன் போடும் தம்பி மூன்றாவது மாடிப் படிக்கட்டில் சிக்னல் இல்லாமல் இரண்டு முறை பொத்தானை அழுத்துவார். ஐடி ஒன்றே என்றால் இரண்டாவதற்கு 409 வரும், கணக்கில் கேன் இரட்டிக்காது. மேலே சொன்ன தொகுப்பில் இந்த 409 ஆர்டரை உருவாக்கும் செயலின் பதிலில் இருக்கும். சேர்ந்து தோற்ற மற்றதில் 424 இருக்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

தேதிக்கும் ஒரு வார்த்தை. சர்வர் யுடிசியில் ஓடும். காலை 5 மணிக்குப் போட்ட கேன் யுடிசியில் முந்தைய நாள் இரவு 11:30. ‘இன்றைய டெலிவரி’ பட்டியலில் விடியற்காலை வேலை மொத்தமும் காணாமல் போகும். நேரத்தை யுடிசியில் வைத்துக்கொண்டு, டெலிவரி தேதியை மட்டும் இந்திய நேரப்படி தனி ஃபீல்டில் வருடம்-மாதம்-நாள் என்ற வரிசையில் எழுத்துத்தொடராகச் சேமியுங்கள். அந்த வரிசையில் இருந்தால் எழுத்தாக ஒப்பிட்டாலும் காலவரிசை தவறாது.

மாதக் கணக்கு. குவெரிக்குள் மதிப்புகளை ஒட்டி எழுதாமல் பாராமீட்டராகக் கொடுங்கள். ரிக்வெஸ்ட் ஆப்ஷனில் பார்ட்டிஷன் கீயையும் சொல்லுங்கள். பதில் பக்கம் பக்கமாக வரும். முதல் பக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு நிறுத்திவிட்டால் சின்ன டேட்டாவில் எல்லாம் சரியாகத் தெரியும், டேட்டா கூடியதும் கணக்கு குறையும். இடையில் ஒரு பக்கம் காலியாகக்கூட வரலாம். ‘இன்னும் இருக்கிறது’ என்று சொல்லும்வரை லூப் ஓட வேண்டும்.

திருத்தம். இரண்டு பேர் ஒரே ஆர்டரைத் திருத்தினால் கடைசியாகச் சேமித்தவர் முந்தையதை மறைத்துவிடுவார். படிக்கும்போது வந்த ஈடேகை (டாக்குமென்ட் மாறும்போதெல்லாம் தானும் மாறும் அடையாளம்), எழுதும்போது நிபந்தனையாக அனுப்புங்கள். இடையில் யாராவது மாற்றியிருந்தால் 412 வரும்.

## 9. ஒவ்வொரு கோரிக்கையின் செலவும் லாகில்

எஸ்டிகே தரும் ஒவ்வொரு பதிலிலும் ‘ரிக்வெஸ்ட் சார்ஜ்’ இருக்கும். முதல் நாளிலிருந்தே அதை லாகில் எழுதுங்கள். பாயின்ட் ரீட் 1 ஆர்யு அளவில் இருக்க வேண்டும். அதே வேலைக்குப் பல ஆர்யு காட்டினால், எங்கோ குவெரியாக எழுதியிருக்கிறீர்கள்.

ஒதுக்கிய ஆர்யுவைத் தாண்டினால் 429. எஸ்டிகே தானாக 9 முறை வரை மறுபடி முயலும். அதனால் எரர் தெரியாது, ஏபிஐ மட்டும் தள்ளாடும். த்ரூபுட்டைக் கூட்டும் முன் லாகில் எந்தக் குவெரி அதிகம் தின்கிறது என்று பாருங்கள். இரண்டு ஃபீல்டில் வரிசைப்படுத்தும் குவெரி ஓடவே மறுத்தால் அது வேறு விஷயம்: அதற்குப் பல ஃபீல்டுகளைச் சேர்த்த காம்போசிட் இண்டெக்ஸைக் கன்டெய்னரின் இண்டெக்ஸிங் பாலிசியில் சேர்க்க வேண்டும்.

## 10. டெப்ளாய்: கீ இல்லாமல் உள்ளே போவது

அஸூரில் வெப் ஆப்களை ஓட்டும் ஆப் சர்வீஸில் ஏற்றும்போது பிரைமரி கீயைக் கொண்டுபோக வேண்டியதில்லை. ஆப் சர்வீஸுக்கு ‘மேனேஜ்டு ஐடென்டிட்டி’யை (கீ இல்லாமல் ஆப் தன்னை அடையாளம் காட்டும் வழி) ஆன் செய்து, கோடில் கீக்குப் பதில் ‘டிஃபால்ட் அஸூர் கிரெடென்ஷியல்’ கொடுங்கள். எண்ட்பாயின்ட்டை மட்டும் என்விரான்மென்ட் வேரியபிளாக வையுங்கள். அடுக்கான பெயர்களுக்கு இடையில் முக்காற்புள்ளி அல்ல, இரட்டை அடிக்கோடு. லினக்ஸில் முக்காற்புள்ளி வேலை செய்யாது.

இதற்குப் பிறகும் 403 வரும். போர்ட்டலின் அனுமதிப் பக்கத்தில் ‘கான்ட்ரிப்யூட்டர்’ கொடுத்துப் பார்ப்பார்கள், ‘ஓனர்’ கூடக் கொடுப்பார்கள், 403 நகராது. அந்தப் பொறுப்புகள் அக்கவுன்ட்டை நிர்வகிக்க மட்டுமே. உள்ளே இருக்கும் டாக்குமென்ட்டைத் தொட ‘காஸ்மோஸ் டிபி பில்ட்-இன் டேட்டா கான்ட்ரிப்யூட்டர்’ வேண்டும். அதை சிஎல்ஐயில் காஸ்மோஸ் டிபிக்கென்றே இருக்கும் ரோல் அசைன்மென்ட் கட்டளையால் கொடுக்க வேண்டும். உங்கள் லேப்டாப்பிலும் இதே முறையில் ஓட்ட, உங்கள் சொந்த லாகினுக்கும் அதைக் கொடுங்கள்.

அப்போதும் ஆப் தொடங்கும்போதே 403 விழுந்தால், ‘டேட்டாபேஸ் இல்லையென்றால் உருவாக்கு’ என்ற வரி ப்ரோகிராம் ஃபைலில் இருக்கிறதா பாருங்கள். டேட்டா கான்ட்ரிப்யூட்டருக்கு டாக்குமென்ட்டைத் தொடத்தான் உரிமை, டேட்டாபேஸையோ கன்டெய்னரையோ உருவாக்க அல்ல. 4-ஆம் படியில் நாமே அவற்றை உருவாக்கிவிட்டோம். அந்த வரியை நீக்கலாம்.

இந்த ஏபிஐயில் இன்னும் லாகின் கிடையாது. யுஆர்எல் தெரிந்த எவரும் கஸ்டமர் ஐடியை மாற்றி மாற்றி அடுத்தவர் கணக்கைப் பார்க்கலாம். டோக்கன் சரிபார்ப்பைச் சேர்க்கும்வரை உங்கள் ஐபிக்கு மட்டும் திறந்திருக்கும்படி ஆப் சர்வீஸின் ஆக்சஸ் ரெஸ்ட்ரிக்‌ஷனை வையுங்கள்.